வேக நெட் வந்தால் வேலை கூடுமா, வீண்தான் கூடுமா?

கொட்டாஞ்சேனையான்: வீட்டுக்கு ஃபைபர் எடுத்து மூன்று மாதம். முன்பு 100 ஜிபி பேக்கேஜே மாதக் கடைசியில் மிஞ்சிக் கிடக்கும், இப்போது 400 காணாது. புதிதாக என்ன செய்தோம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அம்மம்மா ஃபோனை நெஞ்சில் வைத்தபடியே நித்திரையாகிவிடுவார், சீரியல் அது பாட்டுக்கு அடுத்தது அடுத்தது என்று விடியும்வரை ஓடும். 4கே படம் மணிக்கு 7 ஜிபி அளவில் தின்னும், எங்கள் 32 இஞ்சி டிவியில் அந்த வித்தியாசமே தெரியாது.

வெள்ளவத்தை வாசி: அம்மம்மாவை விடுங்கள் அண்ணா, பாவம். 2005இல் யூடியூபில் ஏறிய முதல் வீடியோ தெரியுமா? மிருகக்காட்சிச்சாலையில் ஒருவர் யானைகளுக்கு முன்னால் நின்று தும்பிக்கை நீளம் என்கிறார், 19 செக்கன். அன்றைக்கு உங்களைக் கேட்டிருந்தால் இதுக்கா லைன் என்றிருப்பீர்கள். இன்று என் தங்கச்சி உயர்தர இரசாயனவியலில் பாதியை அதில்தான் படிக்கிறாள். கொரோனா நேரம் ஊவா மாகாணத்தில் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்கு சிக்னல் தேடிக் காட்டுக்குள்ளால் நடந்து பாறை ஏறினார்களே, அவர்களிடம் போய் வேகம் வீண் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

கொட்டாஞ்சேனையான்: லைனே இல்லாதவர்களுக்கு லைன் வேண்டும், அதை யார் மறுத்தது? நான் கேட்பது இருக்கிறவனுக்கு மேலும் மேலும் கொடுப்பதைப் பற்றி. பாட்டைச் சின்னக் கோப்பாகச் சுருக்கும் எம்பி3 பிறந்ததே டெலிபோன் லைனில் பாட்டு அனுப்ப வழி தேடியதில்தான். 2009இல் வந்த வாட்ஸ்அப் சின்ன நோக்கியாவிலும் ஓடியது. இடம் தாராளமானால் யாரும் சுருக்க மினக்கெடமாட்டார்கள். வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் வேகமாக மந்தமாகிறது என்று கணினி விஞ்ஞானி நிக்லாஸ் விர்த் 1995லேயே எழுதிவிட்டார். என் வங்கி ஆப்பில் மீதி பார்க்கப் போனால் முதலில் விளம்பரப் படங்கள் இறங்கி முடியவேண்டும்!

கலியாண வீடியோ: இரண்டு பேரும் இறக்குவதைப் பற்றியே சண்டை பிடிக்கிறீர்கள். நான் ஏற்றுகிறவன். கனடா, லண்டன் குடும்பங்களுக்குக் கலியாண வீடியோ எடிட் செய்து அனுப்புகிறேன், ஒரு கலியாணம் 40 ஜிபி வரும். என் லைன் இறக்க 100 எம்பிபிஎஸ், ஏற்ற 10. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்பது மணித்தியாலம், அதுவும் கரண்ட் நிற்காவிட்டால். முன்பு யாராவது விமானம் ஏறினால் ஹார்ட் டிஸ்கைக் கையில் திணித்துவிடுவோம், சில வேளை அதுவே கெதியாகப் போய்ச் சேரும். டெலிபோன் கம்பியில் நெட் வந்த ஏடிஎஸ்எல் காலத்திலிருந்தே இப்படித்தான், அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கே இரண்டு பக்கமும் சமமில்லை என்றுதான் பொருள். வீட்டில் இருக்கிறவன் படம் பார்ப்பான், வேறென்ன செய்யப்போகிறான் என்று நினைத்தே லைனைப் பிரித்துத் தருகிறார்கள். பிறகு எல்லோரும் படம்தான் பார்க்கிறார்கள் என்று குறை.

வெள்ளவத்தை வாசி: இது நான் யோசிக்காத பக்கம். ஏற்றும் வேகம் கூடின பேக்கேஜ் இல்லையா?

கலியாண வீடியோ: இருக்கிறது, கம்பனிகளுக்கு. விலை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கொட்டாஞ்சேனையான்: சரி, ஏற்றுவதைக் கூட்டட்டும், அதற்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் 40 ஜிபி எதற்கு தம்பி? கலியாணத்தையும் 4கேயிலா எடுக்கிறீர்கள்?

கலியாண வீடியோ: மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் அண்ணா. நேற்று இரவு போட்டது, இப்போது 71 வீதம்.