லாரிக்கு நானே செய்த ஆயில் கேட்ச் கேன்: மாட்டிய பிறகு ஆயில் கசிவு கூடிவிட்டது

சுமைவண்டி:

வணக்கம். நான் மெக்கானிக் இல்லை, வண்டி ஓட்டுகிறவன். வெல்டிங் ஓரளவு வரும், அந்தத் தைரியத்தில் செய்த காரியம் இது.

என்னுடையது 4 சிலிண்டர் டர்போ டீசல், 2,60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. போன மாதம் இன்டர்கூலர் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) ஹோஸைக் கழற்றியபோது உள்ளே வழுவழுவென்று ஆயில் பூசியிருந்தது. ஹோஸ் வளையும் பள்ளத்தில் இரண்டு ஸ்பூன் அளவு தேங்கியும் இருந்தது. டர்போ ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அப்படியென்றால் டேப்பெட் கவரிலிருந்து (எஞ்சினின் மேல் மூடி) டர்போவின் வாய்க்குப் போகும் பிரீதர் ஹோஸ், அதாவது எஞ்சின் மூச்சு விடும் குழாய் வழியாகத்தான் ஆயில் புகை வருகிறது என்று முடிவு கட்டி, அந்தப் புகையிலிருந்து ஆயிலைப் பிடித்து வைக்க நடுவில் ஒரு கேட்ச் கேன் வைத்துவிடலாம் என்று இறங்கினேன்.

கேன்: 750 மில்லி ஸ்டீல் தண்ணீர் பாட்டில். (முதலில் அறுத்தது இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க். சூட்டைக் காப்பாற்றும் பாத்திரத்துக்குள் புகை எப்படிக் குளிரும் என்பது அறுத்து முடித்த பிறகுதான் உறைத்தது.) மூடியில் புகை உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என இரண்டு பித்தளை நிப்பிள், பழைய ஏர் கம்ப்ரஸர் ஃபில்டரிலிருந்து எடுத்தவை. உள்ளே பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார், கழுத்து வரை அழுத்தித் திணித்தேன். ஹோஸ், ஹீட்டருக்கு வாங்கியதில் மிச்சம். அடியில் வடிக்க ஒரு சிறு குழாய்.

800 கிலோமீட்டர் கழித்துத் திறந்தால் ஒரு ஸ்பூன் பழுப்புத் தண்ணீர், மேலே வெளுத்த பிசின் மாதிரி ஏதோ. பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் ஈரம். ஒரு நாள் டிப்ஸ்டிக் அரை அங்குலம் எழும்பி நின்றது. இன்டர்கூலர் ஹோஸைத் திரும்பக் கழற்றினால் முன்பைவிட அதிகமாக ஆயில்! பிடிக்கத்தானே கேன் வைத்தேன், எப்படி அதிகமாகும்? அந்த ஈரம் வரும் இடத்தில் இருக்கும் கிராங்கின் பின் சீல் போனது தற்செயலா, நான் செய்த வேலையா?

பழைய ஸ்பேனர்:

தம்பி, பதில் படிப்பதற்கு முன் அந்தக் கேனைக் கழற்றிவிட்டுப் பழைய ஹோஸை மாட்டிவிட்டு வாருங்கள். டிப்ஸ்டிக் எழும்பினால் கிராங்க் கேஸ், அதாவது பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் எஞ்சின் அறை, மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

உங்கள் பிரீதர் ஹோஸின் உள்விட்டம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. இந்த மாதிரி வண்டியில் சாதாரணமாக 19 மி.மீ. இருக்கும். கம்ப்ரஸர் நிப்பிளின் ஓட்டை சுமார் 8 மி.மீ. தான். 19-ஐ 8-ஆல் வகுத்து, அதை வர்க்கம் செய்து பாருங்கள்: ஐந்தரை மடங்குக்கும் மேல். அதாவது எஞ்சின் ஐந்தரை வாசல் வழியாக விட்ட மூச்சை நீங்கள் ஒரே வாசலில் விடச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு மேல் நாரைத் திணித்தது வேறு.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கீழே இறங்குவது புது எஞ்சினிலும் உண்டு. 2,60,000 ஓடியதில் இன்னும் கூடுதல். அது எப்படியும் வெளியே போயாக வேண்டும். பிரீதர் வழி அடைபட்டால் அடுத்து இருக்கும் பலவீனமான இடத்தைத் தேடும்: டிப்ஸ்டிக், டேப்பெட் கவர் கேஸ்கெட், கிராங்க் சீல்.

இன்டர்கூலரில் ஆயில் ஏன் கூடியது என்று கேட்டீர்களே, அதுதான் நல்ல கேள்வி. டர்போவுக்கு ஆயில் பம்பின் அழுத்தத்தில் போகிறது. ஆனால் திரும்பி வருவது வெறும் இறக்கத்தில், தடிமனான குழாய் வழியாக, தானாக வழிந்து. கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறினால் அந்த வடிகால் எதிர்த்து நிற்கும். டர்போவின் நடுப்பகுதியில் ஆயில் தேங்கும். அங்கே இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய வளையம். தேங்கிய ஆயிலை அது தாங்காது. ஒரு பக்கம் இன்டர்கூலருக்கும் இன்னொரு பக்கம் புகைக்குழாய்க்கும் தள்ளிவிடும். ஆக, உங்கள் கேன் பிடித்தது ஒரு ஸ்பூன், உள்ளே அனுப்பியது அதைவிட அதிகம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். 2 மீட்டர் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூபை U வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி வரை மை கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஆயில் ஊற்றும் மூடியில் பொருத்துங்கள் (உபரி மூடி ஒன்றில் துளை போட்டுக்கொள்ளலாம்). டிப்ஸ்டிக் குழாயில் பொருத்தச் சொல்பவர்கள் உண்டு. சில எஞ்சின்களில் அந்தக் குழாயின் நுனி ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும், அளவு பொய் சொல்லும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கேனோடு ஒரு முறை, கேன் இல்லாமல் ஒரு முறை. இரண்டு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அழுத்தம். எல்லை எவ்வளவு என்பது உங்கள் எஞ்சினின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

இன்னும் இரண்டு. ஹீட்டர் ஹோஸின் ரப்பர் சுடுதண்ணீருக்கானது, ஆயில் பட்டால் ஊதி உள்வழியை இன்னும் சுருக்கும். நைட்ரைல் ரப்பர், அதாவது ஆயில் தாங்கும் ஹோஸ் போடுங்கள். சாதா இரும்பு நார் துருப்பிடித்துத் துகளாக உதிரும். அந்தத் துகள் அடுத்துப் போவது டர்போவின் விசிறிக்கு. எவர்சில்வர் நார் மட்டும், அதுவும் தளர்வாக.

சந்தேகப் பிராணி:

கேன் எதற்கு என்பதே எனக்குப் புரியவில்லை. டர்போ டீசலில் இன்டர்கூலர் ஹோஸ் உள்ளே லேசாக ஆயில் பூசியிருப்பது சாதாரணம். பல எஞ்சின்களில் கம்பெனியே டேப்பெட் கவரில் ஒரு ஆயில் பிரிப்பான் வைத்திருக்கும், சிலவற்றில் மாற்றக்கூடிய ஃபில்டரும் இருக்கும். அதை யாரும் ஆயுசுக்கும் தொடுவதில்லை. முதலில் அது அடைத்திருக்கிறதா பாருங்கள். அதைச் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சுமைவண்டி:

ஸ்பேனர் அண்ணே, கழற்றிவிட்டேன். நீங்கள் ஊகித்தது சரி, ஹோஸ் 19, நிப்பிள் 8.

U டியூபும் கட்டினேன். கேனோடு: ஐடிலில் 6 செ.மீ., நின்றபடி 2,500 ஆர்.பி.எம்.மில் 22 செ.மீ. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது 38! (ஓட்டிக்கொண்டே பார்க்க முடியாது, பலகையைக் கேபினுக்குள் கட்டி, கூட வந்த பையனை வாசிக்கச் சொன்னேன். அவன் எண்களைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கத்தினான்.) கேன் இல்லாமல் ஐடிலில் கிட்டத்தட்ட சமம், அதே மேட்டில் 5. 38 செ.மீ. தண்ணீர் என்றால் 0.04 பார்கூட இல்லை. டயரில் அது காற்றே கிடையாது. அந்தத் துளி அழுத்தம் போதுமா ஒரு சீலை ஈரமாக்க என்று ஆச்சரியமாக இருந்தது.

சந்தேகப் பிராணி, நீங்கள் சொன்னதையும் பார்த்தேன். டேப்பெட் கவருக்குள் ஒரு தகடு இருக்கிறது, அதன் வடிகால் துளை கரியால் அடைத்துக்கிடந்தது. நாலு வருடமாக வண்டி வைத்திருக்கிறேன், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சுத்தம் செய்துவிட்டேன். ஆனாலும் கேன் வேண்டும் என்றே நினைக்கிறேன். இந்த வண்டியில் இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) உண்டு. அதன் கரியும் இந்த ஆயிலும் சேர்ந்து இன்டேக் மேனிஃபோல்டில் தார் மாதிரி ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

இரவு ஓட்டம்:

செய்வதானால் செய்யுங்கள், ஒன்று மட்டும் கேளுங்கள். டீசல் எஞ்சினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். கேன் நிரம்பி, ஒரு மேட்டிலோ வளைவிலோ அந்த ஆயில் மொத்தமாக டர்போவின் வாய்க்குப் போனால் எஞ்சின் தானாக ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் அது டீசலில் ஓடவில்லை. என் நண்பரின் வண்டியில் நடந்தது. கியரில் போட்டு பிரேக்கை மிதித்துக் கிளட்ச்சை விட்டு அடக்கினார். இரண்டு விநாடி தாமதித்திருந்தால் எஞ்சின் இல்லை. கேன் பெரிதாக இருக்கட்டும், வெளியே போகும் வாய் உச்சியில் இருக்கட்டும், மாதம் ஒரு முறை அல்ல, ஆரம்பத்தில் வாரம் ஒரு முறை வடியுங்கள்.

கிளாம்ப்களும் முக்கியம். பிரீதர் சேரும் இடம் ஏர் ஃபில்டருக்குப் பிறகு. அங்கே லேசாகக் காற்று ஒழுகினாலும் வடிகட்டாத தூசி நேராக டர்போவுக்குப் போகும். குளிர் பிரதேசத்தில் ஓட்டினால் ஹோஸில் எங்கும் தொங்கல் விடாதீர்கள். தண்ணீர் தேங்கி உறைந்தால் பழையபடி மூச்சு முட்டும்.

சுமைவண்டி:

இரண்டாவது கேன் ஆயிற்று. இந்த முறை 2 லிட்டர், கனமான தகடு. இரண்டு குழாயும் 19 மி.மீ., நிப்பிள் இல்லாமல் நேராக வெல்டிங். உள்ளே வரும் குழாய் பாதி உயரம் வரை இறங்குகிறது. அதற்கு மேலே துளையிட்ட தகடு, தகட்டின் மேல் தளர்வாக எவர்சில்வர் நார், அதற்கும் மேலே ஒரு வலை, பிறகு வெளிவழி. கீழ்ப்பாதி காலி. வந்த வேகம் அகலத்தில் தணிந்து, திரும்பி மேலே ஏறும்போது துளி கீழே விழட்டும் என்று கணக்கு. எஞ்சினில் கட்டாமல் கேபின் பக்கச் சுவரில், புகைக்குழாய்ச் சூட்டுக்கு எட்டாத தூரத்தில் கட்டி, ஹோஸில் அதிர்வுக்குக் கொஞ்சம் நீளம் விட்டிருக்கிறேன்.

அதே மேடு, அதே பாரம், அதே பையன்: 7 செ.மீ.

1,500 கிலோமீட்டரில் 60 மில்லி வடித்தேன், பாதி தண்ணீர். திரும்ப எஞ்சினில் ஊற்றலாமா என்று பையன் கேட்டான். தண்ணீரும் கரியும் கலந்ததை ஊற்ற முடியாது, பழைய ஆயில் டப்பாவில் சேர்த்துவிட்டேன். இன்டர்கூலர் ஹோஸ் இப்போது விரலில் ஒட்டும் அளவுக்கு மட்டும்தான். டிப்ஸ்டிக் அசையவில்லை.

பின் சீல் மட்டும் இன்னும் லேசாக வியர்க்கிறது. அதற்காகக் கியர்பாக்ஸை இறக்க மனமில்லை. கிளட்ச் மாற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய ஸ்பேனர்:

7 நல்ல எண். அந்த U டியூபைத் தூக்கிப் போடாதீர்கள் தம்பி. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ஒரு முறை அளந்து, வடித்த மில்லியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏற ஆரம்பித்தால் கேனைக் குறை சொல்லாமல் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தம் தாங்குகிறதா என்ற சோதனை) எடுங்கள்.