தாத்தாவுக்குப் பேதியா, மலக்கட்டா? (எங்க வீட்டு வாட்ஸ்அப் குழு)

கலா: காலையில இருந்து மாமாவுக்கு நாலு தடவை தண்ணியா போயிருச்சு. விரிப்பு மாத்தி முடியல. பேதி நிக்கிற மாத்திரை வீட்ல இருக்கு. ஒண்ணு குடுத்துடவா?

மணி: குடுங்க அண்ணி. தண்ணி வத்திடப் போகுது

சுதா: மீனா பாத்துட்டுச் சொல்லட்டும். அவ ஆஸ்பத்திரி டூட்டில இருப்பா

மீனா: அத்தை குடுக்காதீங்க!! கெட்டியா கடைசியா எப்ப போனார்?

கலா: ஆறு நாள் இருக்கும். நடுவுல ஒரு நாள் ஆட்டுப் புழுக்கை மாதிரி ரெண்டு

மீனா: இப்ப போறது அவசரமா வந்து நிறைய போகுதா? இல்ல அவருக்கே தெரியாம கொஞ்சங் கொஞ்சமா கசியுதா?

கலா: கசிவுதான். கேட்டா நான் போகவே இல்லையேங்கிறார்

மீனா: அப்ப இது பேதி மாதிரி தெரியல. மலக்குடல்ல கெட்டியா உருண்டு அடைச்சு நிக்குது, மேல இருக்கிற இளகின மலம் அதைச் சுத்தி வழிஞ்சு வருது. குடல் ரொம்ப நாளா விரிஞ்சே இருந்தா வர்ற உணர்வும் மரத்துப் போகும், அதான் அவருக்குத் தெரியல. இதுல லோபரமைடு, அதான் அந்தப் பேதி நிக்கிற மாத்திரை, குடுத்தா குடல் இன்னும் மந்தமாகி அடைப்பு இறுகும். வலிக்குக் குடுக்கிற டிரமடால், இரும்பு மாத்திரை, கால்சியம், இடுப்பு ஆபரேஷன் ஆகி 18 நாளா படுக்கை, எல்லாம் சேர்ந்து பண்ணினது இது

ரவி: தண்ணி குடுங்கன்னு நான் அப்பவே சொன்னேன்

கலா: ராத்திரி மூத்திரத்துக்கு எழுப்புறது யாரு? அதுக்குப் பயந்துதான் அவர் குடிக்கிறதே இல்ல

சுதா: அண்ணா இப்ப அது வேணாம்

மீனா: காத்து பிரியுதா? வாந்தி? வயிறு கல்லு மாதிரி இருக்கா? மூத்திரம் போறாரா?

கலா: காத்து பிரியுது. வாந்தி இல்ல. வயிறு உப்பல்தான், அமுக்கினா அமுங்குது. மூத்திரம் கொஞ்சமா போகுது

மீனா: சரி. காத்தும் நின்னு, வயிறு விறைச்சு, வாந்தியும் வந்தா குடலே அடைச்சிருக்கலாம், இல்ல முறுக்கிக்கிட்டு இருக்கலாம். அப்ப மலம் இளக்குற மருந்தோ எனிமாவோ எதுவும் கூடாது. வாய் வழியா ஒண்ணும் குடுக்காம நேரா ஆஸ்பத்திரி. காய்ச்சல், மலத்துல ரத்தம், திடீர்னு ஆள் குழம்புறது, மூத்திரம் அடியோட நிக்கிறது, இதுல எது வந்தாலும் அப்படித்தான்

மணி: நேத்து கறுப்பா போச்சுன்னு அண்ணி சொன்னாங்களே

மீனா: இரும்பு மாத்திரைக்குக் கரும்பச்சையா, கறுப்பா வரும். ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு ஒட்டி, தனி நாத்தம் அடிச்சா அது மேல எங்கேயோ ரத்தம் கசியறது. அத்தை, ஒட்டுதா பாருங்க

கலா: ஒட்டல

ரவி: நான் போய் எனிமா வாங்கிட்டு வந்துடறேன்

மீனா: வேணாம் மாமா. கடையில சட்டுனு குடுக்கிறது பாஸ்பேட் எனிமாவா இருக்கும். தாத்தா கிட்னிக்கு அது ஆபத்து, பாஸ்பேட் ஏறி கால்சியம் இறங்கிடும். டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டு கிளிசரின் சப்போசிட்டரி (ஆசனவாய்ல வைக்கிற மருந்து) வாங்குங்க. கையுறையும்

மணி: விரலால எடுத்து விடலாமாமே?

மீனா: வீட்ல யாரும் செய்யாதீங்க சின்ன மாமா. மலக்குடலைக் கிளறினா இதயத் துடிப்பு சட்டுனு குறையலாம், சதையும் கிழியும். டாக்டர் சொன்னா நர்ஸ்தான் செய்யணும்

மீனா: அத்தை, டாக்டர் சரின்னா வைக்கிற முறை. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, பெருங்குடல் கடைசியா இறங்கிற பக்கம் அதான். ஆபரேஷன் பண்ணினது வலது இடுப்பு, அதனால ரெண்டு முட்டிக்கு நடுவுல தலையணை, வலது காலை ரொம்ப மடக்க வேணாம். சப்போசிட்டரியைத் தண்ணியில நனைச்சு, ஆசனவாய்த் தசை தாண்டுற வரைக்கும், 3-4 செ.மீ. உள்ள, குடல் சுவரை ஒட்டி வைங்க. மலத்துக்குள்ள குத்தினா வேலை செய்யாது. 15-20 நிமிஷம் தாங்கட்டும். சாப்பிட்டு அரை மணிக்குள்ள குடல் தானா அசையும், அந்த நேரத்துல உக்கார வைக்கிற மாதிரி பாத்துக்குங்க

சுதா: கமோடு நாற்காலி எங்க இருக்கு?

ரவி: மணி வீட்ல. மூணு வருஷமா

மணி: நீங்கதான் எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க. ஒரு கால் ஆடுது வேற

மீனா: ஆடினா வேணவே வேணாம், விழுந்துடுவார். உயரமான, ஆடாத நாற்காலி. இன்னொண்ணு, மலச்சிக்கலுக்குக் காலுக்கடியில முக்காலி போடச் சொல்வாங்க. இடுப்பு மூட்டு மாத்தினவங்களுக்கு முட்டி இடுப்புக்கு மேல வரக்கூடாது, அதனால தாத்தாவுக்கு முக்காலி கிடையாது

சுதா: ஈசப்கோல் குடுத்தா இளகாதா?

மீனா: இப்ப வேணாம்மா. தண்ணி கம்மியா இருக்கிறவருக்கு அது உள்ள உப்பி இன்னும் அடைக்கும். டாக்டர் மலம் இளக்குற மேக்ரோகோல் எழுதலாம். அதே மாதிரி லாக்டுலோஸ்னா வேலை செய்ய ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். டிரமடாலை நீங்களா நிறுத்தாதீங்க, அதையும் அவர்கிட்டயே கேளுங்க

மீனா: தோலையும் பாருங்க அத்தை. ஒவ்வொரு கசிவுக்கும் வெதுவெதுப்பான தண்ணில கழுவி, தேய்க்காம ஒத்தி எடுத்து, சிங்க் ஆக்ஸைடு மெலிசா தடவுங்க. வால் எலும்பு மேல சிவந்து, அமுக்கினா வெளுக்காம இருந்தா அது படுக்கைப்புண் ஆரம்பம்

ரவி: டாக்டர் எடுக்கல. திரும்பப் போடறேன்

மீனா: சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலன்னா காத்திருக்காதீங்க மாமா, கூட்டிட்டுப் போய் காட்டிடுங்க

கலா: ராத்திரி துணைக்கு யார் வர்றீங்க?

சுதா: மணி?

மணி: பாத்துட்டுச் சொல்றேன்