மனச்சோர்வும் கான்ட்ராஸ்ட் பார்வையும்: அட்டை கிடைக்குமா?

கண் பரிசோதகர்களும் மனநலத் துறையினரும் கொஞ்சம் உதவுங்கள். மனச்சோர்வு உள்ளவர்களின் கான்ட்ராஸ்ட் பார்வையை, அதாவது வெளிர்-கருமை வேறுபாட்டைப் பிரித்தறியும் திறனை, அளக்கப் பார்க்கிறோம்.

"எல்லாம் வெளுத்துப்போன மாதிரி இருக்கு" என்று மனச்சோர்வில் இருப்பவர்கள் சொல்வது வெறும் பேச்சுவழக்கு அல்ல. 2010-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் 40 நோயாளிகள், 40 நலமானவர்களின் விழித்திரை மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். சதுரங்கக் கட்டத்தில் கறுப்பு-வெள்ளை வேறுபாடு கூடக்கூடத் துடிப்பும் ஏற வேண்டும். நோயாளிகளிடம் அந்த ஏற்றம் குறைவு. விழித்திரையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள்மேல்தான் சந்தேகம்.

துடிப்பைப் பதியும் அந்தக் கருவி எங்கள் கைக்கு எட்டாது. அதனால் எடுத்திருப்பது பெல்லி-ராப்சன் அட்டை, மங்கிக்கொண்டே போகும் ஆங்கில எழுத்துகளைப் படிக்கச் சொல்வது: 1 மீட்டர் தூரம், மும்மூன்று எழுத்துகள், தொகுதிக்குத் தொகுதி 0.15 லாக் (மடக்கை அலகு) மங்கும், மூன்றில் இரண்டு சரியானால் தேர்ச்சி. அட்டைமேல் வெளிச்சம் சீராக விழாவிட்டால் எண் பொய் சொல்லும். கண்புரை உள்ளவர்களை முதலிலேயே விலக்கிவிடுகிறோம்.

இடிப்பது இரண்டு இடத்தில். ஆங்கில எழுத்து படிக்காதவர்களுக்கு, பல பக்கம் திரும்பியிருக்கும் ஆங்கில 'E'-யின் திசை காட்டினால் போதும் என்கிற அட்டை மங்கல் வரிசையில் யாரிடமாவது இருக்கிறதா? மொபைல் ஆப் வேண்டாம். 256 படிச் சாம்பலை வைத்துக்கொண்டு 1 சதவீத கான்ட்ராஸ்டுக்குக் கீழே நுணுக்கமாக இறங்க முடியாது. ஆட்டோ பிரைட்னஸ் வேறு.

அடுத்தது மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் மாத்திரை. கண்பாப்பா விரிந்து, கிட்டத்தில் பார்ப்பது மங்கும். பிறகு கான்ட்ராஸ்ட் பார்வை குறைவது நோயாலா, மாத்திரையாலா? +0.75 லென்ஸ் கூடுதலாகப் போட்டால் போதுமா, இதை எடுப்பவர்களைத் தனிக்குழுவாக வைப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.