போர்ஷே 917கே ஸ்லாட் கார்: அச்சு இடைவெளி பற்றி ஓர் உதவி

வணக்கம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த 1/32 அளவு ஸ்லாட் கார் (தடத்தில் உள்ள பள்ளத்தைப் பிடித்தபடி மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார்) கைக்கு வந்திருக்கிறது. 1970இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் ஓட்டி வென்ற 23ஆம் எண் போர்ஷே 917கே. சிவப்பு வெள்ளைப் பூச்சு அவ்வளவு அழகு! கோடுகள் கதவு இடுக்கில்கூடப் பிசகவில்லை. ஓட்டுநர் பொம்மையும் அசல் காரைப் போலவே வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் முன் பின் சக்கர அச்சுகளுக்கு நடுவே அளந்தால் 75 மி.மீ. வருகிறது. அசலில் அது 2300 மி.மீ.; 32ஆல் வகுத்தால் சுமார் 72தான் வர வேண்டும். மோட்டாரும் கியரும் அடங்குவதற்காக நீட்டியிருப்பார்களா? அப்படியென்றால் கதவும் வால் பகுதியும்கூட அதற்கேற்ப மாறியிருக்குமா? எந்த இடத்தை அளந்தால் தெரியும்? அப்புறம், இதே மாடல் வைத்திருப்பவர்கள் நேர் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.