வயிற்று மால்ட் லிம்போமா: ஃபிஷ் பாசிட்டிவ், ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ். எதை எடுத்துக்கொள்வது?

மைக்ரோடோம்:

எல்லோருக்கும் வணக்கம். மால்ட் லிம்போமா, அதாவது சளிச்சவ்வில் பி செல்களிலிருந்து எழும் மெதுவான புற்றுநோய், பற்றிய கேஸ். வயிற்றின் ஆன்ட்ரம் (கீழ்ப்பகுதி), பாடி (நடுப்பகுதி) இரண்டிலிருந்தும் எடுத்த பயாப்ஸி. சிறிய, கொஞ்சம் வெளிறிய சைட்டோபிளாசம் உள்ள லிம்போசைட்டுகள் சுரப்பிகளுக்குள் நுழைந்து அழிக்கின்றன. பி செல் அடையாளமான சிடி20 பாசிட்டிவ்; வேறு லிம்போமாக்களைச் சுட்டும் சிடி5, சிடி10, சைக்ளின் டி1 மூன்றும் நெகட்டிவ். எச்.பைலோரி பாக்டீரியா இருக்கிறது. பிசிஎல்10 புரதத்துக்கான சாயம் கருவில் மங்கலாகத் தெரிகிறது. மால்ட்1 மரபணு உடைந்திருந்தால் சிவப்பு, பச்சைப் புள்ளிகள் பிரிந்து தெரியும் பிரேக்-அபார்ட் ஃபிஷ் (ஒளிரும் புரோபால் கருவில் மரபணுவைக் காட்டும் சோதனை) பார்த்ததில் 200 கருக்களில் 68-இல் பிளவு, அதாவது 34 சதவீதம். அதே பிளாக்கில் இருந்து ஆர்என்ஏ எடுத்து பிஐஆர்சி3-மால்ட்1 இணைப்பை, அதாவது 11, 18-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும் டி(11;18) இடமாற்றத்தின் விளைவை, ஆர்டி-பிசிஆரில் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிப் பெருக்கும் சோதனை) தேடினால் நெகட்டிவ்.

இரண்டு சந்தேகம். இந்த முரணில் எந்த முடிவை ரிப்போர்ட்டில் வைப்பது? டி(11;18) இருப்பது உறுதியானால் எச்.பைலோரிக்கான ஆன்டிபயாட்டிக்கை விட்டுவிட்டு நேரே அடுத்த சிகிச்சைக்குப் போகச் சொல்ல வேண்டுமா?

ஃபிஷ்பெஞ்ச்:

ஃபிஷ்ஷையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்மலின் பிளாக்கில் ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் என்பது 'இல்லை' என்பதற்குச் சாட்சி ஆகாது. காரணம் மரபணுவின் உடைவிலேயே இருக்கிறது. பிஐஆர்சி3 பக்கம் உடைவு கிட்டத்தட்ட எப்போதும் 7-ஆம் எக்ஸானை (மரபணுவின் குறியீட்டுத் துண்டு) அடுத்துத்தான் வரும். மால்ட்1 பக்கம் அப்படியில்லை, பல இன்ட்ரான்களில் (எக்ஸான்களுக்கு இடைப்பட்ட துண்டுகள்) எங்கு வேண்டுமானாலும் உடையும். ஒரே ஒரு மால்ட்1 பிரைமரை (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு துண்டு) மட்டும் வைத்திருந்தால் சில கேஸ்களில் ஆம்ப்ளிகான், அதாவது பெருக்கப்படும் துண்டு, நீளமாகிவிடும். ஃபார்மலினில் துண்டாகிப்போன ஆர்என்ஏவில் 150 முதல் 200 பேஸ்வரை ஓரளவு நம்பி எடுக்கலாம், அதற்கு மேல் கைகொடுக்காது. ஆகவே மால்ட்1 நெடுக இடைவெளி விட்டுப் பல பிரைமர்களைப் பிரித்துப் போட வேண்டும்.

முதலில், ஆர்என்ஏ நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் போடும் உங்கள் கன்ட்ரோல் மரபணுவின் ஆம்ப்ளிகான் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். அது 90 பேஸ், தேடும் இணைப்பு 400 பேஸ் என்றால், கன்ட்ரோல் நன்றாக வந்தது எதையும் நிரூபிக்கவில்லை. இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான பொய் நெகட்டிவ்கள் ஒளிந்திருக்கின்றன. திசு, பூவாங் என்ற பதப்படுத்தும் திரவத்தில் கிடந்திருந்தால் ஆர்என்ஏவைத் தேடுவதே வீண்.

ஃபிஷ்ஷிலும் ஒரு எச்சரிக்கை. பிரேக்-அபார்ட் பிளவு மால்ட்1 உடைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும், யாரோடு சேர்ந்தது என்று சொல்லாது. டி(14;18)-இல் ஐஜிஎச் என்ற ஆன்டிபாடி மரபணுவோடு மால்ட்1 சேர்ந்தாலும் இதே பிளவுதான். அது வயிற்றில் அரிது. நுரையீரல், கண்ணைச் சுற்றிய திசு, கல்லீரல், உமிழ்நீர்ச் சுரப்பி இவற்றில்தான் பார்ப்போம். ஆனாலும், இரு மரபணுக்களுக்கும் வெவ்வேறு நிறம் தந்து, சேர்ந்த இடத்தை மஞ்சளாகக் காட்டும் பிஐஆர்சி3-மால்ட்1 டூயல் ஃபியூஷன் புரோபை ஒரு முறை போட்டு உறுதி செய்துவிடுங்கள். உண்மையான பாசிட்டிவில் இரண்டு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு பச்சை வரும். ஒரே ஒரு மஞ்சள் மட்டும் தெரிகிற கருக்களை எண்ணாதீர்கள். திசுச் சீவலில் இரு புள்ளிகள் தற்செயலாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் மஞ்சளாகத்தான் தெரியும்.

செய்முறையில் சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சீவல் 3 முதல் 5 மைக்ரான். அதைவிட மெலிந்தால் கரு பாதி வெட்டுப்பட்டு சிக்னல் தொலையும், தடித்தால் கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பெப்சின் குறைந்தால் புரோப் உள்ளே போகாது, பின்னணி பச்சையாக மினுங்கும். கூடினால் கருவின் ஓரம் கரைந்து நடுவில் ஓட்டை விழும், கருவுக்குப் போடும் டாபி சாயம் வெறும் நிழலாகத் தெரியும். அந்த நிழல்களை எண்ணி எழுதுவதைவிட 'மதிப்பிட முடியவில்லை' என்று எழுதுவது நேர்மை. பிளவு என்று சொல்ல, சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே குறைந்தது இரண்டு சிக்னல் அகலமாவது இருக்க வேண்டும். கட்ஆஃபைக் கிட்டில் அச்சிட்டதிலிருந்து எடுக்காமல், உங்கள் ஆய்வகத்து ரியாக்டிவ் (கட்டி இல்லாத, அழற்சி மட்டும் உள்ள) திசுக்களை எண்ணி சராசரியோடு மூன்று திட்ட விலக்கத்தைக் கூட்டி வகுத்துக்கொள்ளுங்கள். 34 சதவீதம் எந்தக் கட்ஆஃபுக்கும் வெகு மேலே இருக்கிறது, கவலை வேண்டாம்.

பிரேக்-அபார்ட்டில் (அங்கே உடையாத மால்ட்1 மஞ்சளாகத் தெரியும்) மூன்று மஞ்சள், பிளவே இல்லை என்று வந்தால் அது டிரைசோமி 18, அதாவது 18-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல். இடமாற்றம் என்று எழுதிவிடாதீர்கள். டிரைசோமி 3, 18 இரண்டும் பெரும்பாலும் டி(11;18) இல்லாத கேஸ்களில்தான் வரும்.

ஸ்லைடுபெட்டி:

மேலே சொன்னதோடு பிசிஎல்10 பற்றிக் கொஞ்சம். இயல்பான ஜெர்மினல் சென்டர் (நிணத்திசுவில் பி செல்கள் பெருகும் இடம்) செல்களில் இது சைட்டோபிளாசத்தில் நிற்கும். டி(1;14)-இல் பிசிஎல்10 ஐஜிஎச் பக்கம் போய் ஒட்டிக்கொள்வதால் கரு முழுக்கக் கருப்பாக, அழுத்தமாக நிறையும்; வயிற்றில் இது ஓரிரு சதவீதம்தான். டி(11;18)-இல் கருவில் சாயம் மிதமாகவோ மங்கலாகவோ வரும். உங்கள் ஸ்லைடு சொல்வதும் அதுவே, ஃபிஷ்ஷோடு ஒத்துப்போகிறது. ஆனால் எந்த இடமாற்றமும் இல்லாத கேஸிலும் மங்கலாகக் கருச்சாயம் வருவதுண்டு. அதனால் இதைத் துப்பாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

இந்த ஒரு இடமாற்றத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்பவர்களுக்காக: சாதாரண மால்ட் லிம்போமா செல், பாக்டீரியா தூண்டிவிடும் டி செல்களின் உதவியில் உயிர் பிழைக்கிறது. எச்.பைலோரி போனால் உதவியும் போகிறது, கட்டி வாடுகிறது. 1993-இல் முதலில் வெளியான ஆய்வில் 6 பேரில் 5 பேருக்கு இப்படித்தான் கட்டி மறைந்தது. பிஐஆர்சி3-மால்ட்1 புரதமோ தானே ஒன்றோடொன்று பிணைந்து, செல்லைச் சாகாமல் பெருகவைக்கும் என்எஃப்-கப்பாபியை ஓயாமல் முடுக்குகிறது. மால்ட்1-இன் புரோட்டியேஸ் பகுதி இந்தக் கலப்புப் புரதத்திலும் அப்படியே இருப்பதால், அதே பாதையை முடுக்கும் என்ஐகே என்ற கைனேஸை வெட்டி, அதைச் சிதைக்கும் கட்டுப்பாட்டிலிருந்தே விடுவித்துவிடுகிறது. பாக்டீரியாவின் தயவு அதற்குத் தேவையில்லை. 2001-இல் இந்த இடமாற்றம் உள்ளவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் பலிப்பதில்லை என்று தெரியவந்ததன் பின்னணி இதுதான்.

இன்னொன்று. பயாப்ஸி முழுதையும் சல்லடை போட்டுப் பெரிய செல்களின் விரிப்பு எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா. 'ஹைகிரேடு மால்ட்' என்ற பழைய பெயரை எழுத வேண்டாம். அங்கே மிக், பிசிஎல்2, பிசிஎல்6 மரபணுக்களுக்கு பிரேக்-அபார்ட் ஃபிஷ் கேட்க வேண்டும். டி(11;18) உள்ள கட்டிகள் பெரிய செல்லாக மாறுவது அரிது. மாறும் கட்டிகளில், கட்டியைத் தடுக்கும் மரபணுக்களில் பி53 சேதம், பி16 இழப்பு போன்றவைதான் அதிகம் தென்படும்.

ஹெமாஆங்கோ:

இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். ஆன்டிபயாட்டிக்கை விடவே கூடாது. டி(11;18) இருந்தாலும் எச்.பைலோரியை ஒழித்தே ஆக வேண்டும். இந்த இடமாற்றம் உள்ளவர்களிலும் சிலருக்குக் கட்டி குறைகிறது. குறையாவிட்டாலும் புண்ணும் அழற்சியும் தீர்வது நோயாளிக்கு லாபம். ஃபிஷ் முடிவு மாற்றுவது காத்திருக்கும் காலத்தைத்தான். இடமாற்றம் இல்லாதவருக்கு அறிகுறி இல்லாமல், கட்டி வளராமல் இருந்தால் 12 மாதம், சிலருக்கு 24 மாதம்கூடப் பொறுத்துப் பார்க்கலாம். இருப்பவருக்கு அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை. 3 முதல் 6 மாதத்துக்குள் எண்டோஸ்கோபியில் அசைவே இல்லையென்றால் ரேடியேஷன் பற்றிப் பேசத் தொடங்கலாம். வயிற்றோடு நின்ற நோய்க்கு 24 முதல் 30 கிரே போதும், வெறும் வயிற்றில், தினமும் ஒரே மாதிரியாக. வயிறு நிரம்பியிருந்தால் அதன் வடிவமே மாறி, திட்டமிட்ட எல்லை தப்பிப்போகும்.

எச்.பைலோரி போய்விட்டதா என்று பார்க்கும் யூரியா மூச்சுப் பரிசோதனையை, மருந்து முடித்துக் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 6 வாரம் கழித்துச் செய்ய வேண்டும். அமிலம் குறைக்கும் பிபிஐ மாத்திரையை அதற்கு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இதை மறந்தால் பாக்டீரியா அங்கேயே இருக்க நெகட்டிவ் வரும், பிறகு 'ஒழித்தும் குறையவில்லை' என்று தவறாக இடமாற்றத்தின்மேல் பழி போடுவோம்.

மருந்து வழியில் போனால் தனிக் குளோராம்புசில் (கீமோ மாத்திரை) டி(11;18) உள்ளவர்களுக்கு அவ்வளவாகப் பலன் தருவதில்லை. சிடி20-ஐத் தாக்கும் ரிடுக்சிமாபுக்கு அந்தப் பேதம் தெரிவதில்லை. ரிடுக்சிமாப் தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையை, மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி இரண்டையும், தவறவிடாதீர்கள்.

மைக்ரோடோம்:

மிக்க நன்றி, நிறையத் தெளிந்தது. டூயல் ஃபியூஷன் போடுகிறேன். ஒன்று மட்டும்: சிகிச்சைக்குப் பின் திசு சுத்தமாக இருந்தும் ஐஜிஎச் பிசிஆரில் மோனோகுளோனல் பீக் (ஒரே செல்லின் வழிவந்த பி செல்களைக் காட்டும் முகடு) வந்தால் நோய் மிச்சம் என்று எழுதலாமா?

ஸ்லைடுபெட்டி:

எழுதாதீர்கள். கட்டி மறைந்த கணிசமானவர்களுக்கு அந்தக் குளோன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட பிசிஆரில் தெரிந்துகொண்டே இருக்கும். அதை வைத்து சிகிச்சையைக் கூட்டுவதில்லை. திசுவில் என்ன இருக்கிறது என்பதைத்தான், சிகிச்சைக்குப் பிந்தைய பயாப்ஸியைத் தரம் பிரிக்கும் கேலா அளவுகோலில் சொல்ல வேண்டும்.

பீக்கை மதிக்கும் முன் இரண்டு சோதனை. ஒன்று, ஒரே டிஎன்ஏவை இரண்டு குழாயில் தனித்தனியாக ஓட்டுங்கள். சிறிய பயாப்ஸியில் பி செல் சொற்பம் என்பதால் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு இடத்தில் போலி பீக் எழும். இரண்டிலும் ஒரே இடத்தில் வந்தால்தான் கணக்கு. இரண்டு, முதல் பயாப்ஸியின் பீக் அளவோடு ஒப்பிடுங்கள். அன்று எஃப்ஆர்3 என்ற ஐஜிஎச் பகுதியில் 118 பேஸில் இருந்தது இன்று 131-இல் என்றால் அது அதே குளோன் என்று சொல்ல இடமில்லை.

ஃபிஷ்பெஞ்ச்:

ரிப்போர்ட் வரிக்கு என் யோசனை, ஃபியூஷன் உறுதியானபின்: 'மால்ட்1 மரபணு உடைவு பாசிட்டிவ், 200 கருக்களில் 68. டூயல் ஃபியூஷன் புரோபில் பிஐஆர்சி3-மால்ட்1 இணைப்பு காணப்படுகிறது. ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ், திசுவின் ஆர்என்ஏ தரத்தைக் கருதி இது மேற்கண்ட முடிவை மறுக்கவில்லை.' அதன் கீழே கன்ட்ரோல் ஆம்ப்ளிகானின் நீளத்தையும் ஃபார்மலினில் கிடந்த மணிக்கணக்கையும் குறித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த பயாப்ஸியைப் பார்ப்பவருக்கு அந்த இரண்டு எண்ணும் தேவைப்படும்.