அமெரிக்கர்கள் இன்னொரு மொழி படிக்காதது ஏன்?

கடற்கரையான்:
என்னைக் கேட்டால் வல்லரசுத் திமிர்தான். உலகமே ஆங்கிலம் படித்துவிட்டு வாசலில் வந்து நிற்கும்போது நாம் எதற்கு மெனக்கெட வேண்டும் என்கிற எண்ணம். ப்யூ ஆய்வு மையம் 2018-ல் வெளியிட்ட கணக்குப்படி ஐரோப்பாவில் பள்ளிப் பிள்ளைகளில் 92 சதவீதம் பேர் வேற்று மொழி படிக்கிறார்கள். அமெரிக்காவில் 20 சதவீதம்தான்.

ஒஹையோவாசி:
திமிர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. முதல் உலகப் போருக்கு முன்பு இதே நாட்டில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் ஜெர்மன் படித்தார்கள். எங்கள் மாநிலத்துச் சின்சினாட்டியில் அரசுப் பள்ளிகளிலேயே ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்ந்து பாடமொழியாக இருந்தன.

போர் வந்ததும் எல்லாம் தலைகீழானது. 1918-ல் அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பள்ளியிலும் பொது இடத்திலும் தொலைபேசியிலும், ஏன், தேவாலயத்தில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று உத்தரவு போட்டார். மறு வருஷம் நெப்ராஸ்காவில், எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு வேற்று மொழி கற்றுத்தருவதே குற்றம் என்று சட்டம் வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு அபராதம் விதித்தார்கள். 1923-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அதற்குள் உயர்நிலைப் பள்ளிகளில் ஜெர்மன் படிப்பவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டார்கள். லூசியானாவில் பள்ளியில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டனை வாங்கினார்கள். இத்தனையும் பார்த்து வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைக்கு எந்த மொழியைச் சொல்லித்தருவார்கள்?

கடற்கரையான்:
அது நூறு வருஷத்துக் கதை. இன்று யார் அபராதம் போடுகிறார்கள்? வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் மட்டும் நாலு கோடிக்கு மேல் அங்கே இருக்கிறார்கள். அடுத்த வீட்டிலேயே மொழி இருக்கிறது, ஆனாலும் படிப்பதில்லை. 2025 மார்ச்சில் ஆங்கிலமே ஆட்சிமொழி என்று ஜனாதிபதி ட்ரம்ப் ஆணையிட்டார். மனப்பான்மை மாறவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

பள்ளிமணி:
நான் இங்கே உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன். என் வகுப்பில் நான் பார்ப்பது திமிரை இல்லை, கூச்சத்தை. பதினாலு வயதில், தப்பாகப் பேசினால் பக்கத்துப் பையன் சிரிப்பானோ என்று பயப்படும் பருவத்தில், முதல் பாடம் தொடங்குகிறது. ஒரு நாளைக்கு 50 நிமிஷம், வருஷத்துக்கு 180 நாள் என்றால் 150 மணி நேரம். பெரும்பாலானவர்கள் இரண்டு வருஷத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆக 300 மணி. வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குச் சிறிய வகுப்பில் ஸ்பானிஷ் கற்றுத்தரவே 600 மணிக்கு மேல் ஒதுக்குகிறது. பாதி வழியில் இறக்கிவிட்ட பிள்ளை, 'எனக்கு மொழி வராது' என்று நம்பிக்கொண்டே வீட்டுக்குப் போகிறது. பின்னாளில் அதுவே பெற்றோராகி, மொழி வகுப்பை வெட்டும்போது வாய் திறக்காமல் இருக்கிறது. யூட்டா மாநிலத்தில் ஒன்றாம் வகுப்பிலேயே பாதி நாள் பாடம் சீனத்திலோ ஸ்பானிஷிலோ நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிப்பவர்களும் அமெரிக்கப் பிள்ளைகள்தான்.

கடற்கரையான்:
யூட்டாவை எல்லா ஊருக்கும் பொருத்தாதீர்கள், டீச்சர். அங்கே நிறைய பேர் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சபை இளைஞர்கள் வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போய் மொழியோடு திரும்புகிறவர்கள். மொழியின் பயன் தெரிந்த சமூகம் அது. மற்ற இடங்களில் பள்ளிகளை நிர்வகிக்கும் போர்டைத் தேர்ந்தெடுப்பதும் பெற்றோர்தானே? வேண்டும் என்று அவர்கள் கேட்டால் வராதா?

சான்ஹோசே மீனா:
இந்தப் பேச்சில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ஐந்தில் ஒரு அமெரிக்கர் வீட்டில் வேறு மொழி பேசுகிறார். அவர்களையும் சேர்த்துத்தானே அமெரிக்கர்கள்? கலிபோர்னியாவில் 1998-ல் வாக்கெடுப்பு நடத்தி இருமொழி வகுப்புகளை ஏறக்குறைய ஒழித்தார்கள். 2016-ல் இன்னொரு வாக்கெடுப்பில் அதை மாற்றினார்கள். இடையில் 18 வருஷம். அந்த வருஷங்களில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் வீட்டுமொழியைக் குறையாக நினைத்து வளர்ந்தார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. எனக்கு இதுதான் ஆத்திரம்: ஒரு பக்கம் இருக்கிற மொழியை மறக்கவைப்பது, இன்னொரு பக்கம் பதினாலு வயதில் புதிதாக ஒன்றைத் திணிப்பது.

ஒஹையோவாசி:
கடற்கரையான், நீங்கள் சொல்லும் மனப்பான்மை முழுக்க இல்லை என்று நான் சொல்லவில்லை. 2016-க்கும் 2021-க்கும் நடுவில் கல்லூரிகளில் வேற்று மொழி படிப்போர் 16 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். ஆனால் அதே காலத்தில் கொரிய மொழி படிப்பவர்கள் 38 சதவீதம் கூடினார்கள். கொரியப் பாட்டும் தொடரும் பிடித்துப்போன பிள்ளைகள். ஆசை வந்தால் படிக்கிறார்கள்.

கடற்கரையான்:
ஆசை வந்தால் மட்டும்! நம் ஊரில் மொழி பிழைப்புக்காகப் படிப்பது. அவர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை, அதனால் மொழித்துறைக்குப் பணமும் இல்லை. 2023-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் வேற்று மொழிப் பட்டப்படிப்புகளையே மூட முடிவு செய்யவில்லையா?

பள்ளிமணி:
செய்தது. அதை எதிர்த்து அங்கே மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறிப் போராடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.