அவசரம்: இரும்புப் பெட்டிக்குள் பழைய பிலிம் ரீல்கள், என்ன செய்வது?

முத்து88:
வணக்கம். ஐயா வீட்டை விற்கிறோம். சாவி தொலைந்து முப்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்த இரும்புப் பெட்டியை நேற்று ஆள் வைத்து உடைத்தோம். நகை இருக்கும் என்று பெரியப்பா அடித்துச் சொன்னார். இருந்தது கொஞ்சம் பத்திரங்களும் ஏழு பிலிம் டப்பாவும். திறந்ததும் ஒரு வாடை, கண் எரிந்தது. ஒரு டப்பாவில் நுனியை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், மாட்டுவண்டியும் கூட்டமும் தெரிகின்றன. ஞாயிறுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே கொடுத்தால் டிஜிட்டல் ஆக்கித் தருவார்கள்? செலவு எவ்வளவு? சீக்கிரம் சொல்லுங்கள்.

கோபி டெக்:
எந்த ஊர்? எத்தனை எம்எம்? போட்டோ எங்கே? "ஐயா" என்றால் யார், உங்கள் முதலாளியா?

நெகட்டிவ் நாகு:
நண்பரே, எதையும் யோசிக்காதீர்கள். அப்படியே பிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் நல்லது. குளிர் ஒன்றுதான் பிலிமைக் காப்பாற்றும். என் மாமாவின் கல்யாண நெகட்டிவ் பதினைந்து வருஷமாக ஃப்ரீசரில் இருக்கிறது, புத்தம் புதுசு.

ஆவணன்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அகலம் சொல்லவில்லை, ஓரத்தில் என்ன எழுத்து என்று சொல்லவில்லை, டப்பா மேல் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை. "ஒரு வாடை" என்றால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது?

வேதியியல் டீச்சர்:
ஆவணன் சார், தம்பி பதற்றத்தில் எழுதியிருக்கிறார், விடுங்கள். முத்து, வாடை ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் மாதிரி புளிப்பாக இருந்ததா, இல்லை நெடியாக மூக்கைப் பிடித்ததா? புளிப்பு என்றால் அசிடேட் பிலிம் (சட்டென்று தீப்பிடிக்காத வகை) கெட ஆரம்பித்திருக்கிறது. வெளியேறும் அசிட்டிக் அமிலமே மிச்சத்தையும் வேகமாகக் கெடுக்கும். மூடிய இரும்புப் பெட்டியில் அந்த ஆவி போக வழியில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டி வைத்ததுதான் கெடுத்தது. நெடியாக இருந்தால் அது நைட்ரேட்டாக (சட்டென்று தீப்பிடிக்கும் பழைய வகை) இருக்கலாம், அது வேறு கதை.

சீனு:
ரொம்ப சிம்பிள். நுனியில் ஒரு துண்டு வெட்டி வத்திக்குச்சி காட்டுங்கள். குப்பென்று எரிந்தால் நைட்ரேட், சுருண்டு உருகினால் அசிடேட்.

ஆபரேட்டர் தாத்தா:
சீனு தம்பி, அந்த யோசனையைத் தயவு செய்து அழித்துவிடு. நான் முப்பத்தாறு வருஷம் தியேட்டர் புரொஜெக்டர் கேபினில் நின்றவன். என் குருநாதர் காலத்தில் புரொஜெக்டரின் கார்பன் ஆர்க் விளக்கு முன்னால் நைட்ரேட் பிலிம் சிக்கி நின்றால் கண் மூடித் திறப்பதற்குள் பிடித்துக்கொள்ளுமாம். அதனால்தான் பழைய கேபின் ஓட்டைகளுக்கு இரும்பு ஷட்டர் வைத்தார்கள், இழுத்து விட்டால் தடால் என்று விழும். இந்த பிலிம் எரியும்போது ஆக்சிஜனையும் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீரில் முக்கினாலும் அணையாது, வரும் புகை விஷம். வீட்டுக்குள் கொளுத்திப் பார்க்கிற சமாச்சாரமே இல்லை.

முத்து88:
எல்லாருக்கும் நன்றி. ஐயா என்றால் அப்பாவின் அப்பா, எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நான்கு டப்பா 35 எம்எம், மூன்று 16. சின்னதில் புளித்த வாடை. பெரிய ஒன்றில் பழைய சாக்ஸ் மாதிரி. மேல் சுற்று மஞ்சளாகி இருக்கிறது, ஒரு பக்கம் பாகு மாதிரி ஒட்டுகிறது. டப்பா அடியில் கொஞ்சம் பழுப்புத் தூள். ஒரு சின்ன டப்பாவில் பென்சிலால் "பினாங்கு" என்று இருக்கிறது. நாகு அண்ணே சொன்னபடி ஒன்றை பிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

வேதியியல் டீச்சர்:
எதை வைத்தீர்கள்? பெரியதா, சின்னதா? பெரியது என்றால் உடனே எடுங்கள்.

முத்து88:
சின்னது. மாவு டப்பாவுக்குப் பக்கத்தில்.

வேதியியல் டீச்சர்:
சரி, பயப்பட வேண்டாம். 16 எம்எம் ஆரம்பத்திலிருந்தே சேஃப்டி பிலிம்தான் (அசிடேட் வகை), கோடக் 1923-ல் கொண்டு வந்தபோதே வீட்டு உபயோகத்துக்கு என்றுதான் வந்தது. ஆனால் ஈரம் புகாத பை போடாமல் குளிரில் வைத்து வெளியே எடுத்தால் வேர்த்துக்கொள்ளும், படப் பூச்சு ஊறிவிடும். நாகு சார் சொன்னதில் பாதி சரி, முறைதான் தப்பு. வெளியே எடுத்தால் அறையின் சூட்டுக்கு வரும்வரை டப்பாவைத் திறக்காதீர்கள்.

நெகட்டிவ் நாகு:
குளிர் குளிர்தான் மேடம். சரி, அதை விடுங்கள். செட்டிநாடு, 35 எம்எம், கூட்டம், மாட்டுவண்டி! யாருக்கும் தோன்றவில்லையா? செட்டிநாட்டுப் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றி உலகமெல்லாம் சுற்றி ஐம்பதாயிரம் அடி பிலிம் சேர்த்து 1940-ல் வெளியிட்டாரே, அந்தப் படத்தின் தமிழ்ப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. இது அதுதான் என்கிறேன்.

கோபி டெக்:
செட்டிநாட்டில் எந்த டப்பா கிடைத்தாலும் உங்களுக்கு அதுதான். போன வருஷம் ஒருவர் அலாரம் கடிகாரம் கண்டெடுத்தபோதும் இதையே சொன்னீர்கள்.

ஆவணன்:
சான்பிரான்சிஸ்கோவில் பின்னாளில் கிடைத்தது சுருக்கப்பட்ட ஆங்கிலப் பிரதி. அது முழுப்படம் இல்லை என்பதாவது நாகுவுக்குத் தெரியும் என்று நம்புகிறேன். மாட்டுவண்டி தெரிந்த பிலிம் எல்லாம் காந்தி படம் இல்லை. முதலில் ஓரத்து எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சீனு:
எதுவானாலும் புனேயில் இருக்கிற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுங்கள். கூரியரில் போடலாம்.

கோபி டெக்:
புனேயா? 2003 ஜனவரியில் அங்கேயே நைட்ரேட் கிடங்கு எரிந்ததே. இன்னும் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பதா?

ஆவணன்:
எரிந்தது உண்மை. 1964-ல் அந்தக் காப்பகம் தொடங்கியிராவிட்டால் மிச்சமும் எரிந்திருக்கும். இல்லை, பிலிம் பூச்சில் இருக்கிற வெள்ளிக்காகக் காய்ச்சியிருப்பார்கள், வளையல் செய்திருப்பார்கள். "காளிதாஸ்" 1931-ல் வந்த நம் தமிழின் முதல் பேசும்படம், அதற்கு ஒரு பிரதி கூட இல்லை. குடும்பத்தார் "எங்கள் சொத்து" என்று பரண்மேல் வைத்துப் போன படங்கள் எத்தனை என்று கோபிக்குத் தெரியுமா?

கோபி டெக்:
குடும்பத்தார் வைத்திருந்ததால்தான் இன்று ஏழு டப்பா கிடைத்திருக்கிறது, சார்.

நெகட்டிவ் நாகு:
உரிமை யாருக்கு என்று யாரும் கேட்கவில்லையே. படம் வெளியாகி அறுபது வருஷம் ஆனால் பதிப்புரிமை போய்விடும். அதற்கப்புறம் யூடியூபில் போட்டுவிடலாம்.

ஆபரேட்டர் தாத்தா:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முத்து தம்பி, கவனம். கூரியரில் போடவே கூடாது. நைட்ரேட் பிலிமை வைக்கவும் கொண்டுபோகவும் 1948-லேயே தனி விதி போட்டிருக்கிறார்கள், அது வெடிபொருள் துறை பார்க்கிற விஷயம். மஞ்சள், பாகு, பழுப்புத் தூள் எல்லாமே நைட்ரேட் செத்துக்கொண்டிருக்கிற அடையாளம். கெட்டுப்போனது 41 டிகிரி சூட்டில் நாள்கணக்கில் கிடந்தாலே தானாகப் பிடிக்கலாம். உங்கள் பக்கத்து மே மாதம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு பெரிய டப்பாவையும் வீட்டை விட்டுத் தள்ளி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தனித்தனியாகப் படுக்கை வசத்தில் வை. மூடியை இறுக்காதே. ஒட்டியதை இழுத்துப் பிரிக்காதே, பூச்சு அப்படியே கையோடு வந்துவிடும். பக்கத்தில் பீடி, விளக்கு, மின்வயர் கூடாது. சின்னதை இதோடு சேர்த்து வைக்காதே.

முத்து88:
சரிங்க ஐயா. பின்கட்டைத் தாண்டி பழைய மாட்டுக்கொட்டகையில் வைத்தாயிற்று. லென்ஸ் வைத்து ஓரத்தைப் பார்த்தேன். ஒரே ரீலில் "நைட்ரேட்" என்றும் இருக்கிறது, "சேஃப்டி" என்றும் இருக்கிறது! எதை நம்புவது?

ஆவணன்:
இப்போதுதான் நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நெகட்டிவ் ஓரத்தில் இருந்த எழுத்தும் பிரதி எடுக்கும்போது சேர்ந்து பதிந்துவிடும். அது கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக இருக்கும். வெள்ளை ஓரத்தில் கறுப்பு எழுத்தாக இருப்பதுதான் அந்தப் பிலிமின் சொந்த அடையாளம். கறுப்பு எழுத்து எது?

முத்து88:
கறுப்பில் "சேஃப்டி" மூன்று ரீலில். பாகு ஒட்டியதில் கறுப்பு எழுத்து "நைட்ரேட்".

ஆவணன்:
அப்படியானால் ஆபத்து ஒன்றுதான், மற்ற மூன்றும் பிற்காலத்தில் எடுத்த பிரதி. அந்த ஒன்றைப் பற்றி புனேயிலோ, மும்பை ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனிலோ முதலில் போனில் பேசுங்கள். போட்டோ அனுப்புங்கள், டப்பாவை அனுப்பாதீர்கள். டிஜிட்டல் செலவெல்லாம் அதற்கப்புறம்தான், பிலிம் சுருங்கியிருந்தால் சாதாரண மிஷினில் ஓடாது.

நெகட்டிவ் நாகு:
மூன்று பிரதியிலும் கூட்டம் இருக்கிறதா, முத்து? கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் யாராவது?

முத்து88:
போனில் பேசிவிட்டேன், ஆள் வந்து பார்ப்பதாகச் சொல்கிறார்கள். வீடு வாங்குகிறவர் ஒரு வாரம் தள்ளிப்போட ஒப்புக்கொண்டார். ஸ்கேன் செய்கிற தம்பி ஒருவர் பினாங்கு டப்பாவைப் பார்த்துச் சொன்னது: துறைமுகம், கடைத்தெரு, அப்புறம் எங்கள் அப்பத்தா கேமராவைப் பார்த்து முகத்தை மூடிக்கொள்கிறார். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு நகையைப் பற்றிக் கேட்கவே இல்லை. மீதி பிறகு.

நெகட்டிவ் நாகு:
பெரிய ரீல் என்ன ஆச்சு? காந்தி இருக்கிறாரா?

கோபி டெக்:
முத்து?